நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

லாச்சப்பல், பரிஸ்
17.10.2023

என் செல்ல மகள் நிருபாவுக்கு,

அம்மா நல்ல சுகம், படியேறும்போது முழங்கால் மட்டும் முறைப்பாடு சொல்கிறது. மொன்றியலில் குளிர் தொடங்கியிருக்கும், தலையை மூடாமல் திரியாதே. திரான்சியில் தயாளினி மாமிக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள், போய்ப் பார்த்தேன், மூக்கு அப்படியே மாமியின் மூக்கு, பாவம் பிள்ளை. சரி, விசயத்துக்கு வாறேன். வாயை மூடிக்கொண்டிரு அம்மா, வேலை முக்கியம், அது வெறும் கதைதானே என்று நீ போனில் சொன்னாய். நானும் ஓம் ஓம் என்றேன். ஆனால் அப்படி இருக்க முடியவில்லை, கோபிக்காதே.

என் முதலாளி முசியே லூசியன் நாற்பது சாகசக் கதை எழுதிய மனிதர், மெத்ரோ ரயிலில் எத்தனை பேர் கையில் அவர் புத்தகம். ஆனால் சேன் நதியில் படகேறினாலே வாந்தி எடுப்பார். அறை முழுக்க வரைபடம் விரித்திருப்பார், ஒன்பது வருசமாக இந்து சமுத்திரத்தை மடித்து வைத்துவிட்டுத்தான் நான் தரை துடைத்தேன். மன்னாரிலிருந்து இந்தியாவுக்கு நாங்கள் படகில் வந்ததை அவர் கேட்கக் கேட்க, உடுப்பு அயன் பண்ணியபடியே சொன்னேன். படகோட்டிக்குத் துப்பாக்கிச் சூடு பட்டதும் எஞ்சின் பிடியை நான் பிடித்ததையும், உன்னைச் சேலையால் இடுப்போடு கட்டியிருந்ததையும் சொன்னேன். புதுப் புத்தகத்தில் மனிதர் என்ன செய்தார்? ஒரு பிரெஞ்சு வைத்தியரை எங்கள் படகில் ஏற்றி, எஞ்சினை அவரிடம் கொடுத்து, என்னை மூலையில் குந்தவைத்து அழவிட்டிருக்கிறார். நீ வாசித்துச் சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்தே இராது. ஏன் முசியே என்று கேட்டேன். பெண் ஓட்டினாள் என்றால் வாசகர்கள் நம்பமாட்டார்கள் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை புத்தக வெளியீட்டுக்கு என்னையும் கூப்பிட்டார். பட்டுச்சேலை உடுத்திக்கொண்டு போனேன். அந்த நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை உருக்கமாக வாசித்துவிட்டு, இதோ அந்த அழுத பெண் என்று என்னைக் காட்டினார், எல்லோரும் கைதட்டினார்கள். நான் எழும்பி, எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், "எஞ்சினைப் பிடிச்சது நான். நான் அழேல்லை" என்றேன். பின்வரிசையில் ஒரு வயதான மதாம், எப்படி ஓட்டினாய், சொல்லு என்றா. சொன்னேன், பதினெட்டுப் பேரும் கரையிறங்கும்வரை சொன்னேன். முசியே தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த நாள், இனி வேலைக்கு வரவேண்டாம் என்று செய்தி அனுப்பினார். அவர் வீட்டுக் கதவுத் திறப்பை அவருடைய தபால்பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்தேன். ஆர்ஜொந்தெயில் ஒரு சமையலறையில் வேலை கேட்டிருக்கிறேன், கிடைக்காவிட்டால் வேறு தேடுவேன். மன்னிப்பு மட்டும் கேட்கமாட்டேன், நீ கெஞ்சினாலும்.

நீ நல்லாயிருக்க வேண்டும் மகளே, திருக்கேதீச்சரத்தான் உனக்குத் துணை. மறக்காமல் ஒன்று செய். உன்னிடமுள்ள புத்தகத்தில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைக் கிழிக்காதே. அதன் ஓரத்தில் பேனையால் பிரெஞ்சில் எழுது: இந்தப் பெண் அழவில்லை, அழுதது நான், எனக்கு அப்போது நாலு வயது. கீழே உன் பெயரைப் போடு.

உன்னைக் கரைசேர்த்த அம்மா,
தில்லைநாயகி