எல்லாரும் சரியாக எழுதிய கேள்வி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் கை வீக்கம் வடிந்ததா?

இங்கே ஒரு வேடிக்கை. பத்தாம் வகுப்பு ஆங்கில வினாத்தாளுக்கு நானே ஒரு பத்தி எழுதினேன். அப்பா பெல்ட்டால் அம்மாவை விளாசுகிறார். தலையைப் பிடித்துச் சுவரில் மோதுகிறார். ரத்தம் வழிகிறது. பக்கத்து வீட்டுக்காரியிடம் அம்மா, "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்கிறாள். ஏன் அப்படிச் சொன்னாள்? இரண்டு மதிப்பெண்.

நாற்பது பிள்ளைகளை எழுதவைத்துச் சோதித்தோம். நாற்பது பேரும் சரியாக எழுதிவிட்டார்கள்.

"எல்லாரும் சரியா எழுதினா, நல்லா படிக்கிற பிள்ளைய எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?" என்று வினாத்தாள் குழுத் தலைவர் அந்தக் கேள்வியை அடித்துவிட்டார்.

வரும்போது என் பழைய அகராதியை எடுத்து வாருங்கள். பேச்சுத்துணைக்கும் ஆளில்லை. நீங்கள் இங்கே வர டிக்கெட் இந்த உறைக்குள் இருக்கிறது. அப்பா கண்ணில் படவேண்டாம். தபால்காரர் நிற்கிறார், முடிக்கிறேன்.

வழுக்கி விழுந்ததாகப் போனில் சொன்னீர்களே அம்மா, அந்த நாற்பது பிள்ளைகளில் ஒன்றுகூட நம்பாது.

உங்கள் மகள்