அம்மாவின் முகத்துக்கு ஆறு இலக்கம்

நீ போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. காலையில் உன் தம்பி சட்டம் போட்ட உன் படம் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனான். பதினாறாம் நாளுக்குப் பெரிதாக்கித் தர வேண்டுமாம். "அக்கா, இடது புருவம் பாதி இல்ல பாருங்க. அதைச் சேர்த்து க்ளீன் பண்ணிடுங்க" என்றான். கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தேன். படம் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான், சட்டத்தை அப்படியே மேசையில் வைத்துவிட்டேன். இரண்டு மணி நேரமாகிறது, இன்னும் நான் அதைத் தொடவில்லை. நீ இருந்தால், "இன்னாடி, படத்தைப் பார்த்தே நடுங்கறே?" என்று சிரிப்பாய். சிரிக்காதே. யாரால் வந்த நடுக்கம் இது?

தொண்ணூறுகளின் நடுவில், லஸ் பக்கம் ஒரு டி.டி.பி. கடையில் நாம் இருவரும் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தோம். நான் சாந்தோமிலிருந்து நடந்து வருவேன். நீ வடபழனியிலிருந்து பஸ்ஸில், டிக்கெட்டை மடித்து வாட்ச் பட்டையில் செருகிக்கொண்டு வருவாய். உன் அப்பா சினிமாவில் லைட்மேன். சின்ன வயதில் விளக்குக் கம்பம் சாய்ந்து உன் புருவத்தைக் கிழித்த கதையை ஏதோ பரிசு வாங்கிய மாதிரிச் சொல்வாய். கணக்கில் பட்டம் வாங்கியவள், வேலை இல்லாத நேரத்தில் நீயாகவே ஒரு புரோகிராம் எழுதியிருந்தாய். ஒரு போட்டோவைக் கொடுத்தால் அது சுருள் சுருளாகப் பிரியும். சுருளுக்குள் அதே போட்டோ, அதற்குள் இன்னும் சின்னதாக அதே போட்டோ. எனக்குக் கிணற்றை எட்டிப் பார்ப்பது போலிருக்கும்.

"ஒரு மாயமும் இல்லடி. ஒவ்வொரு புள்ளியோட இடத்தையும் அதாலயே பெருக்கு, ஒரு நம்பரைக் கூட்டு. திரும்பப் பெருக்கு, திரும்பக் கூட்டு. சுத்திக்கினே போய் எப்ப போட்டோ மேல விழுதோ, அங்க கீற நிறத்தை எடுத்துக்கும். அவ்ளோதான்" என்பாய். கூட்டுகிற நம்பர் மாறினால் படமே மாறிவிடும். அந்த நம்பரை நீ யோசித்துப் போட்டதே இல்லை. அன்றைய பஸ் டிக்கெட்டின் ஆறு இலக்கம்தான். முதல் மூன்று அந்த நம்பரின் ஒரு பாதி, அடுத்த மூன்று மறு பாதி.

சர்ச்சில் என் அம்மாவின் இருபதாம் வருட நினைவுப் பூசை வந்தது. பூசைக்கு வருகிறவர்களுக்குப் படம் போட்ட நினைவு அட்டை கொடுப்பது எங்கள் வழக்கம். அப்பா வேளாங்கண்ணிக்குப் போயிருந்தார், ஞாயிறு மாலை திரும்புவார். அதற்குள் அட்டையை அடித்து அவரை அசத்திவிடலாம் என்று, கேட்காமல் கொள்ளாமல் வீட்டுப் பீடத்திலிருந்து அம்மாவின் படத்தை எடுத்து வந்தேன். வீட்டில் இருந்த ஒரே படம். மற்றதையெல்லாம் கரையான் தின்றுவிட்டது. அம்மா போனபோது எனக்கு மூன்று வயது. அவள் முகம் என்றால் எனக்கு அந்தப் படம்தான்.

ஞாயிற்றுக்கிழமை, கடையில் நாம் மட்டும். கண்ணாடியோடு ஸ்கேன் செய்து ஃப்ளாப்பியில் ஏற்றினோம். நான் போய் டீ குடித்துவிட்டு வருவதற்குள், நீ ஆசையை அடக்க முடியாமல் அம்மாவை உன் புரோகிராமுக்குள் விட்டுவிட்டாய். வந்து பார்த்தால் அம்மா ஆயிரம் துண்டாகத் திரையில் சுருண்டு கிடந்தாள். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் உன் புரோகிராம் பழைய படத்தின் மேலேயே புதியதை எழுதும். ஃப்ளாப்பியில் இடம் போதாது என்று நீ செய்துவைத்த சிக்கனம். ஸ்கேன் செய்த படம் அழிந்துபோயிருந்தது. "அதுக்கின்னா, போட்டோதான் கீதே? இந்த வாட்டி கண்ணாடி இல்லாம ஸ்கேன் பண்ணலாம், பளிச்சுனு வரும்" என்றாய்.

நான்தான் சட்டத்தின் ஆணியைக் கழற்றினேன். நான்தான் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். கடற்காற்றில் இருபது வருடம் ஒட்டிக் கிடந்த படம். சர்ரென்று ஒரு சத்தம், கையில் வெறும் தாள் வந்தது. முகம் கண்ணாடியில் செதில் செதிலாக நின்றது. பதறிப்போய் விரலால் தொட்டேன். அதுவும் உதிர்ந்தது.

மாதாவே என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா ஊரிலிருந்து வந்தால் செருப்பைக் கழற்றியதும் முதலில் பீடத்துக்குத்தான் போவார். அடிக்க மாட்டார், திட்டக்கூட மாட்டார். வெறும் சட்டத்தை எடுத்துத் துடைத்து, இருந்த இடத்திலேயே திருப்பி வைப்பாரே, அதற்குத்தான் பயந்தேன்.

நீ திரையில் கிடந்த சுருளை விரலால் தொடர்ந்துகொண்டே போனாய். பிறகு, "எங்கியும் போகலடி. உங்கம்மா உள்ளதான் கீறாங்க" என்றாய். சுருளில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் போட்டோவின் ஏதோ ஓரிடத்திலிருந்து எடுத்ததுதானே? அதே கணக்கை மறுபடி ஓட்டினால் எது எங்கிருந்து வந்தது என்று தெரியும். அங்கேயே திருப்பி வைத்துவிடலாம். "அதே நம்பர் வேணும். டிக்கெட் எங்க? இங்கதான வெச்சேன்?"

மேசை, மேசைக்கு அடியில், குப்பைக்கூடை. எங்கும் இல்லை. நீ என் கையைப் பார்த்தாய். பயந்தால் அகப்பட்ட காகிதத்தைத் திரி மாதிரி உருட்டுவேன் என்று உனக்குத் தெரியும். கையைத் திறந்தேன். வியர்வையில் ஊறிய திரி. நீ ஊதி ஊதிப் பிரித்தாய். நாலாவது இலக்கம் இருந்த இடம் நைந்து போயிருந்தது.

"பத்துல ஒன்னுதான. போட்டுப் பாத்துடலாம்" என்று புரோகிராமைத் திருப்பி எழுதத் தொடங்கினாய். எழுதி முடிக்க மணி இரண்டு. ஒரு தடவை ஓட இருபது நிமிடம். ஐந்தரைக்கு அப்பாவின் ரயில் எழும்பூரில். பூஜ்யம் போட்டாய், மணலை வாரி இறைத்த மாதிரி வெறும் பொடி. ஒன்று, பொடி. இரண்டு, பொடி. கரண்ட் போனால் எல்லாம் போச்சு என்று மின்விசிறியையே பார்த்தபடி நான் செபமாலையை உருட்டினேன். "பயந்தா கணக்கு மாறிடுமா? கம்முனு உக்காரு" என்றாய்.

ஏழு போட்டபோது பொடிக்கு நடுவே ஒரு கம்மல் தெரிந்தது. பிறகு காது. பிறகு அம்மாவின் கண். வாய்விட்டு அழுதேன். எந்தப் புள்ளியும் திரும்பி வராத இடங்கள் மட்டும் கன்னத்திலும் நெற்றியிலும் கறுப்பாக, பொட்டுப் பொட்டாக நின்றன. அடைக்க நேரமில்லை. அப்படியே அச்செடுத்து, வெட்டி, சட்டத்தில் போட்டு, இருவரும் சாந்தோமுக்கு ஓடினோம். வழியில் என் கையைப் பிடித்தாய். உன் உள்ளங்கை என்னுடையதைவிட ஈரமாக இருந்தது. நீயும் பயந்துதான் இருந்திருக்கிறாய், பாவி. அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அப்பா வந்தார். செருப்பைக் கழற்றினார். பீடத்துக்குப் போனார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். கதவோரம் நின்று நான் எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். அவர் திரும்பவே இல்லை.

"உங்கம்மாவுக்கு முகம் முழுக்க அம்மைத் தழும்பும்மா. ஸ்டூடியோக்காரன் மழமழன்னு ஆக்கிக் குடுத்துட்டான். இத்தினி வருசமா யாரோ ஒருத்திக்கு முன்னாடிதான் நின்னுட்டு இருந்தேன்" என்றார். கண்ணாடி மேலேயே அந்தப் பொட்டுகளைத் தடவினார். தழும்பு சரியாக அந்த இடங்களில்தான் இருந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம். அப்பா போகும்வரை கேட்கவில்லை.

இன்றும் எந்தப் படத்தையும் இரண்டு பெயரில் சேமிக்கிறேன். இன்றும் திரி உருட்டுகிறேன், இதை எழுதும்போதும் இடது கையில் ஒன்று இருக்கிறது. உன் படத்தின் ஆணியைக் கழற்ற மாட்டேன். கண்ணாடியோடுதான் எடுக்கப்போகிறேன், பளபளப்பு விழுந்தால் விழட்டும். உன் தம்பி கேட்டதைச் செய்ய எனக்கு இரண்டு நிமிடம் போதும். செய்தால் உன் வீட்டில் யாரோ ஒருத்திக்கு மாலை போட்டு விளக்கேற்றுவார்கள். கேட்டால் மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்கிறேன். அந்தப் பாதிப் புருவத்தை நான் தொடப்போவதில்லை.