சீசரின் குளிசை

தாழ்வுபாடு,
20.07.2022

அன்பின் பெனடிக்ற் அத்தானுக்கு,

இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். எழுத வரவில்லை. போனில் சொல்லக்கூடிய விசயமும் இல்லை. வீட்டில் இருப்பது ஒரு போன், அதுவும் எப்போதும் மாமாவின் தலைமாட்டில். அமிர்தநாயகம் அண்ணையின் மகள் கிறேஸ் லீவு முடிந்து உங்கள் பலெர்மோவுக்குத் திரும்புகிறாள். அவள் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்களெல்லாம் கரையில் கிடக்கின்றன. காயப்போட மீன் இல்லை. நான் பள்ளிமுனையில் நண்டு துப்புரவாக்கப் போகிறேன். போவதும் வருவதும் சைக்கிளில்தான்.

சீசர் இருமத் தொடங்கியபோது நீங்கள்தான் போனில் நின்று, மிருக வைத்தியரிடம் கொண்டுபோகச் சொன்னீர்கள். மாமா கொண்டுபோனார். இதயம் பெருத்துவிட்டது, சுவாசப்பையில் தண்ணீர் சேருகிறது என்று அந்த டொக்ரர் பிள்ளை சொல்லி, தண்ணீரை மூத்திரமாக இறக்கும் குளிசை எழுதிக் கொடுத்தாவாம். மாமா குளிசையைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இது நான் போடுறதெல்லோ?" என்று கேட்டிருக்கிறார். "ஓம் ஐயா, மனிசருக்கும் மிருகத்துக்கும் ஒண்டுதான். அளவுதான் வேற" என்றாவாம். வீட்டுக்கு வந்து, "எனக்கும் சீசருக்கும் ஒரே வருத்தமாம் றஞ்சிதம்" என்று ஏதோ சொந்தம் கண்டுபிடித்த ஆளைப்போலச் சொன்னார்.

இரண்டு பேருக்கும் உப்பு ஆகாது. கருவாடு காயும் ஊரில் ஒரு நாயைக் கருவாட்டிலிருந்து காப்பது எவ்வளவு பாடு என்று உங்களுக்குத் தெரியும். உப்பில்லாமல் அவித்த மீனை இருவருக்கும் பங்கு வைத்தேன். சீசர் படுத்திருக்கும்போது மாமா அதன் விலாவில் கையை வைத்து மூச்சை எண்ணுவார். மூச்சு விரைந்தால் உடனே வரவேண்டும் என்பது டொக்ரரின் கட்டளை.

பிறகு நாட்டில் மருந்து இல்லாமல் போயிற்று. கிளினிக்கில் மாமாவுக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டு, மிச்சத்தை வெளியில் வாங்கச் சொன்னார்கள். வெளியிலும் இல்லை. சீசரின் குளிசை சித்திரையிலேயே முடிந்துவிட்டது. நான் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் நாய் முற்றமெல்லாம் நனைத்துக்கொண்டே திரிந்தது. இருமலும் இல்லை. மாமாதான் நாள் முழுக்கக் கதிரையை விட்டு எழும்பவில்லை. கால் இரண்டும் வீங்கி, செருப்புக்குள் நுழையாமல் போயிற்று. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இருந்தபடியே நித்திரை கொண்டார். ஒருநாள் காலை தேத்தண்ணியோடு போனபோது கண்டேன்: அவித்த மீனுக்குள் தன் குளிசையை வைத்து உருட்டி, சீசரின் வாயில் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நான் கத்தினேன், அத்தான். உங்களுக்கு என்ன விசரா என்றுகூடக் கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "இது செத்துப்போனா, அவன் என்னத்தைக் கேக்க எங்களுக்குப் போன் எடுப்பான், பிள்ளை?" என்றார்.

ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள் எடுத்தவுடன் "சீசர் எப்பிடி?" என்று கேட்பதும், நாயைக் காட்டச் சொல்லிச் சிரிப்பதும், பிறகு "சரி, வேலைக்கு நேரமாச்சு" என்று வைப்பதும் நான் பார்த்து வருவதுதானே. மாமா அதை என்னைவிடக் கவனமாகப் பார்த்திருக்கிறார்.

அன்றைக்கே அவருக்கு மூச்சு எடுக்க முடியாமல் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுச் சிங்கராசா அண்ணை மோட்டார் சைக்கிளுக்கென்று ஒளித்து வைத்திருந்த பெற்றோலை ஓட்டோவில் ஊற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஊசி போட்டுத் தண்ணீர் இறக்கினார்கள். "குளிசை ஒழுங்காப் போடுறனீங்களோ ஐயா?" என்று டொக்ரர் கேட்க, இவர் "ஓம், ஓம்" என்கிறார்.

வீட்டில் இருந்த குளிசைகளை எல்லாம் எடுத்து என் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். சீசருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. இதை நீங்கள் அறிய வேண்டும் என்றே எழுதுகிறேன். இரண்டு உயிருக்குப் போதாது என்றால் நான் மாமாவுக்குத்தான் கொடுப்பேன், நாளைக்கும் அப்படித்தான் செய்வேன். மூன்றாம் நாள் சீசர் படுக்க முடியாமல் முன்கால்களை அகட்டி நின்றுகொண்டே மூச்சுக்கு அடித்தது. மிருக வைத்தியரிடம் கொண்டுபோகப் பெற்றோல் இல்லை. மத்தியானம் என் காலடியிலேயே விழுந்தது. மூக்கால் நுரை வந்தது. பனையடியில் நானே கிடங்கு வெட்டித் தாட்டேன்.

மாமா வீட்டுக்கு வந்து கேட்டார். சொன்னேன். "அவனுக்குச் சொல்லாதை" என்றார்.

போன ஞாயிறு நீங்கள் எடுத்தீர்கள். "சீசர் எப்பிடி அப்பா?" என்றீர்கள். "நல்லா இருக்கு மோனே. இப்ப இருமல் இல்லை" என்றார். காட்டுங்கோ என்றீர்கள். சிக்னல் இல்லை என்று நான் போனை வாங்கிவிட்டேன். ஒரு வசனம் சொல்ல உங்கள் அப்பா மூன்று இடத்தில் நின்று மூச்செடுத்ததை நீங்கள் கேட்கவில்லை.

கிறேஸ் நேற்று வந்திருந்தாள். "பெனடிக்ற் அண்ணைக்கு வதிவிடப் பேப்பர் கிடைச்சு ரெண்டு வருசமாச்சே, ஏன் இன்னும் வரேல்லை?" என்று வெள்ளந்தியாகக் கேட்டாள். எனக்குத் தெரியும் என்பதுபோலத் தலையாட்டினேன். பேப்பர் வரட்டும், வரட்டும் என்று நீங்கள் சொன்னதை மாமா இன்னும் நம்புகிறார். அவர் காதில் விழாதபடி அவளை வாசல்வரை கூட்டிப்போனேன். நீங்கள் ஏன் வரவில்லை என்று இந்தக் கடிதத்தில் நான் கேட்கப்போவதில்லை. பதில் எழுதும் சிரமமும் வேண்டாம்.

எனக்காக எடுக்க வேண்டாம். ஞாயிறு தவறாமல் அவருக்காக மட்டும் எடுங்கள். சீசர் எப்படி என்று கேளுங்கள். நல்லாயிருக்கு என்பார். மறுத்து ஒன்றும் சொல்லிவிடாதீர்கள், காட்டச் சொல்லாதீர்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை வைக்காமல் இருங்கள். இந்தக் குளிசையும் இனி எவ்வளவு நாளைக்கு அவரைத் தாங்கும் என்று டொக்ரர் எனக்குச் சொல்லிவிட்டார்.

மடு மாதா உங்களுக்கு நல்ல காது தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அப்பாவின் மருமகள்,
றஞ்சிதம்