பெயரைப் பார்க்காதே, அனுப்பு

பிப்ரவரி 3, செவ்வாய்

ஒடோங்கோ வீட்டுச் சாவுக்கு வாடகைக்குப் போன என் நாற்காலிகள் இன்று திரும்பின. ஒன்றைக் காணவில்லை, இரண்டுக்குக் கால் போயிருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை. கொண்டுவந்தவன் சொன்னதுதான் நெஞ்சில் நிற்கிறது. "அடுத்த தடவ ஒகோலாகிட்ட எடுத்துக்கறோம் அம்மா. அவன்கிட்ட கூடாரமும் இருக்கு. வெயில்ல ஒக்காந்து அழ முடியல."

அழுவதற்கும் நிழல் கேட்கிற காலம். கூடாரம் இல்லாமல் நாற்காலியை மட்டும் இனி யார் எடுப்பார்கள்? கிசுமுவில் ஒருவர் பழைய கூடாரம் ஒன்றைக் கம்பிகளோடு எண்பதாயிரம் ஷில்லிங்குக்குத் தருகிறாராம். கையில் முப்பது இருக்கிறது. மிச்சத்துக்கு நாளை சேமிப்புச் சங்கத்துக்குப் போகிறேன். கடன் என்று வாய் திறந்து கேட்கப்போவது வாழ்நாளில் இதுதான் முதல் தடவை.

பிப்ரவரி 4, புதன்

சங்கத்தில் கடன் பார்க்கிற பெண் பெயர் லவெண்டா. என் பேத்தி அவினோவை விட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். அடையாள அட்டை எண்ணைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அம்மா, உங்களக் காணோம்."

"உன் முன்னாலதான ஒக்காந்திருக்கேன்."

"கம்ப்யூட்டர்ல காணோம். எங்கயும் கடன் வாங்கி, கட்டின கணக்கு இல்ல."

"யாருக்கும் பாக்கி வெச்சதில்ல. அதான் இல்ல."

"அதுதான் பிரச்சினையே," என்றாள்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். இந்தக் கணக்கு அங்கே சொல்லித்தரவில்லை. கடனே வாங்காதவள் எப்படிக் கெட்டவள் ஆனாள்? கெட்டவள் இல்லையாம் - ஆளே இல்லையாம். ஒவ்வொரு நாற்காலி முதுகிலும் சிவப்புச் சாயத்தில் ரிஸ்பா என்று எழுதி வைத்திருக்கிறேன். இந்த வட்டாரமே இருபது வருஷமாக என் பெயர் மேல்தான் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. என்னைக் காணோமாம்.

பிப்ரவரி 5, வியாழன்

மறுபடி போனேன். வாடகையெல்லாம் போனில்தான் வருகிறது, அதைக் காட்டினால் போதாதா என்று. லவெண்டா பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "நல்லா ஓடுற கணக்குதான். ஆனா பெரெஸ் அக்குமு பேர்ல இருக்கே. யாரு அவங்க?"

யாரா? என் சக்களத்தி.

இந்தப் போன் லைன் வாங்கிய அன்று என் அடையாள அட்டை பெயர் திருத்தப் போயிருந்தது. எங்கள் புருஷன் ஒபியெரோவின் சட்டைப்பையில் மூத்தவள் அட்டை இருந்தது. அதைக் கொடுத்தே எனக்கும் பதிந்துவிட்டு வந்தார். "ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்காரிங்கதான?" என்றார் அந்த மனுஷன். நானும் சிரித்தேன். யார் பணம் அனுப்பினாலும் அவர்கள் போனில் அவள் பெயர்தான் தெரியும். "இது யாரும்மா?" என்று கேட்பார்கள். "பேரப் பாக்காத, அனுப்பு" என்பேன். பன்னிரண்டு வருஷமாக இதையே சொல்லியிருக்கிறேன். என் பெயரை என் வாயாலேயே அழித்திருக்கிறேன்.

அவளோடு பேச்சு நின்று ஆறு வருஷம். ஒபியெரோவை அடக்கம் செய்த அன்றோடு. என் முற்றத்தில் நாற்காலிகள் அடுக்கியிருக்க, அவள் ஒகோலாவின் நாற்காலிகளை வாடகைக்கு எடுத்துப் போட்டாள். என் புருஷன் சாவுக்கு நான் அந்நியன் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

வரும் வழியில் தோன்றியது - அவள் தன் அட்டையோடு போன் கடைக்குப் போனால் இந்த லைன் அவளுடையது. உள்ளே இருக்கிற முப்பதாயிரமும்.

பிப்ரவரி 6, வெள்ளி

முப்பதையும் எடுத்து அவினோ கணக்கில் போட்டுவிட்டேன். என் பணத்தை நானே திருடுகிற மாதிரி இருந்தது.

பிப்ரவரி 11, புதன்

என் அட்டையில் புது லைன் வாங்கியாயிற்று. லவெண்டா வழி சொன்னாள்: புது லைனில் சின்னதாகக் கடன் வாங்கி ஒழுங்காகக் கட்ட வேண்டும். ஐம்பதாயிரத்துக்கு அது மட்டும் போதாது, நல்ல கணக்குள்ள ஒருவர் ஜாமீனும் போட வேண்டும். கூடாரக்காரர் மார்ச் முடிய வைத்திருக்கிறேன் என்கிறார்.

ஐந்நூறு வாங்கினேன். எதற்கும் இல்லை. சர்க்கரை டப்பாவில் வைத்து மூடினேன். டீ போடும்போது டப்பாவைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

பிப்ரவரி 12, வியாழன்

கட்டிவிட்டேன். வீட்டில் வைத்துக்கொண்டு தூக்கம் வரவில்லை.

பிப்ரவரி 16, திங்கள்

லவெண்டா சிரித்துவிட்டாள். "மறுநாளே கட்டினா உங்களப் பத்தி என்னம்மா தெரியும்? வெச்சிருங்க. தவணை வரட்டும், அன்னிக்குக் கட்டுங்க."

ஆக, வெட்கத்தையும் வாழைத்தார் மாதிரி பழுக்க வைக்க வேண்டும். ஆயிரம் வாங்கினேன். டப்பாவை அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

ஜாமீனுக்கு உபதேசியாரைக் கேட்டேன். தரையைப் பார்த்தார். போனில் வாங்கிய கடன் நிற்கிறதாம், பெயர் கறுப்புப் பட்டியலில் இருக்கிறதாம். கணக்கு வாத்தியாரைக் கேட்டேன். அவருக்கும் அதே கதை. பந்தயம் கட்டினாராம். "பெண்டாட்டிகிட்ட சொல்லிடாதீங்க" என்றார். ஞாயிறு தோறும் சபையில் முன்வரிசையில் உட்காருகிறவர்களில் பாதிப்பேர் பட்டியலில் இருக்கிறார்கள். என் நாற்காலிக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும்.

மார்ச் 6, வெள்ளி

பழைய லைனில் ஒரு செய்தி. 'அன்புள்ள பெரெஸ், உங்களுக்கு அறுபதாயிரம் வரை உடனடிக் கடன்.'

அவினோ எட்டிப் பார்த்தாள். "ஒரு பொத்தான்தான பாட்டி. அழுத்து. நீ கட்டிடுவ, அவங்களுக்குத் தெரியவே போறதில்ல."

நான் கட்டிவிடுவேன், அது நிஜம். கட்ட முடியாமல் போனாலும் கெடுவது அவள் பெயர் - ஒகோலா நாற்காலியைப் போட்டவள் பெயர். போனை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தேன். அடுப்பில் உகாலிக் களி அடிப்பிடித்துப்போயிற்று.

அழுத்தவில்லை. அவள் பெயரில் கூடாரம் வாங்கி, அதன் கீழே என் பெயர் நாற்காலியைப் போடுவதா?

மார்ச் 9, திங்கள்

ஆயிரத்தைத் தவணை அன்றே கட்டினேன். மூவாயிரம் தருகிறேன் என்கிறது போன். மூவாயிரத்துக்குக் கூடாரக் கயிறு வரும்.

மார்ச் 11, புதன்

ஒகோலா வந்தான். உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தான், என் நாற்காலியில். "மொத்தத்தையும் எனக்கே குடுத்துடு அம்மா. உனக்கும் வயசாச்சு. பேரச் சொரண்டற கூலிய நான் பாத்துக்கறேன்."

சுரண்டுவானாம்.

"எந்திரி" என்றேன். "அதுவும் என் பேருதான்."

இந்த மாதம் ஒரு சாவுகூட என்னிடம் வரவில்லை. போகிற சாவெல்லாம் அவனிடம் போகிறது. வேறு யாரிடம் போய் நிற்பேன்? நல்ல கணக்கு இருக்கிற ஒருத்தி எதிர் வீட்டில்தான் இருக்கிறாள். அந்தக் கணக்கு என்னுடையது. இத எங்க போயி சொல்ல.

மார்ச் 14, சனி

போனேன்.

அக்குமு வாசலில் உட்கார்ந்து ஓமேனா மீனில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "நாற்காலி வேணுமான்னு கேக்க வந்தியா? நான் இன்னும் சாகல."

லைன் விஷயத்தைச் சொன்னேன். ஒளிக்கவில்லை, அறுபதாயிரம் செய்தி வரைக்கும். கையில் எடுத்த மீன் கையிலேயே நின்றது.

"ரெண்டு வருஷம் முன்ன கூரைத் தகட்டுக்குக் கடன் கேட்டேன். ஒரு கேள்வி கேக்கல, குடுத்துட்டாங்க. கர்த்தர் குடுத்தார்னு சபையில எழுந்து சாட்சி சொன்னேனே."

"கர்த்தர் நாற்காலி வாடகைக்கு விடறார் அக்கா."

அவள் சிரிப்பை விழுங்கியது தொண்டையில் தெரிந்தது. உடனே முகத்தை இறுக்கினாள். "ஓட்டினது நீயா இருக்கலாம். தகட்டுக் கடன மாசம் தவறாம கட்டினது நான். அந்தப் பேர் உனக்கு மட்டும் சொந்தமில்ல."

அது சரிதான். நான் யோசிக்கவில்லை அதை.

ஆறு வருஷமாகத் தொண்டையில் நின்றதையும் கேட்டுவிட்டேன். "அன்னிக்கு ஏன் அவன் நாற்காலியப் போட்ட?"

"நம்ம புருஷன் சாவுல எந்தப் பக்கம் திரும்பினாலும் உன் பேரே தெரியணுமா? மூத்தவ நான். என் பேர் எங்க இருந்துச்சு?"

"போன்ல இருந்துச்சு," என்றேன்.

ரொம்ப நேரம் கல் பொறுக்கினாள். கடைசியில், "நான் செத்தா உன் நாற்காலிதான் போடணும். காசு வாங்கக் கூடாது" என்றாள்.

"கூடாரமும் போடறேன்."

"கூடாரம் வந்தாத்தான? வியாழக்கிழமை வரேன். கையெழுத்துப் போடறதப் பத்தி அங்க வந்து யோசிக்கறேன்."

மார்ச் 19, வியாழன்

வரவில்லை. காலையிலேயே வெளியே போய்விட்டாளாம், எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. சங்கம் மூடும் வரை வெளியே பெஞ்சில் இருந்தேன். காவல்காரன்கூடப் பரிதாபப்பட்டான். என் புத்தியச் செருப்பால அடிக்கணும். யார்கிட்ட போயி என்ன சொன்னேன் நான். லைன் தன் பேர்ல இருக்குன்னு அவளுக்கு நானே எடுத்துக் குடுத்துட்டேனே. கடைக்குத்தான் போயிருப்பா.

மார்ச் 20, வெள்ளி

காலையில் பைக் வண்டியிலிருந்து இறங்கினாள். தலை முழுக்கப் புதுப் பின்னல், ஞாயிற்றுக்கிழமைக் கவுன். "நேத்து பின்னி முடிக்க இருட்டிப்போச்சு, அங்கயே படுத்துட்டேன். ஜாமீன் போடப் போறவ, தலைய விரிச்சிட்டா போவேன்?"

எனக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

லவெண்டா அவள் எண்ணைத் தட்டினாள். "ரொம்ப நல்ல கணக்கு." நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் "தெரியும்" என்றோம். அக்குமு பேனாவை வாங்கினாள். வைத்தாள். "இவ கட்டலன்னா?" "நீங்க கட்டணும்மா." என்னை ஏற இறங்கப் பார்த்தாள், சந்தையில் ஆட்டைப் பார்ப்பது போல. பிறகு போட்டாள்.

வெளியே வந்ததும் கையை நீட்டினாள். "என் லைனக் குடு." போனிலிருந்து சிம் அட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். பழைய ஆட்கள் எல்லாரிடமும் அந்த நம்பர்தான் இருக்கிறது.

மார்ச் 28, சனி

கூடாரம் வந்துவிட்டது. ஒரு மூலையில் கிழிசல். தைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 20, திங்கள்

முதல் தவணை. கட்டினேன். அக்குமு வாசலில் நின்றபடி, "கட்டிட்டியா?" என்றாள். மாதா மாதம் கேட்பாள் போலிருக்கிறது.

ஜூலை 11, சனி

நான்காம் தவணைக்கு இன்னும் ஒன்பது நாள், பணம் இன்றே தயார். இருந்தாலும் அன்றைக்குத்தான் கட்டுவேன்.

கூரு பக்கத்திலிருந்து ஒருவன் கூப்பிட்டான். சாவு வீடு, நாற்காலியும் கூடாரமும் வேண்டும், முன்பணம் அனுப்புகிறானாம். "மொதல்ல பழைய நம்பருக்கு அடிச்சேன் அம்மா. ஒரு அம்மா போன எடுத்துத் திட்டித் தீத்துட்டாங்க. 'நாற்காலிக்காரி நான் இல்ல, இந்த நம்பரக் குறிச்சிக்க, பேரப் பாத்து அனுப்பு'ன்னாங்க."

"அனுப்பு" என்றேன்.

"இப்ப ரிஸ்பா அப்போண்டின்னு காட்டுது. சரிதானா?"

சரிதான் என்றேன். சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தடவை வாசி என்றும் சொன்னேன்.