பன்னிரண்டு பாட்டில் புதினாத் தண்ணீர்

ஜூலை 9, திங்கள்

மழை. ஜலதோஷம். இரண்டு மூக்கும் அடைப்பு. யாரிடமும் சொல்லவில்லை.

இன்று செய்தவை: கணக்கு (பாதி). பாவாடை காயவில்லை, அடுப்புமேல் போட்டேன். பன்னிரண்டு பாட்டிலுக்கும் நூல் கட்டியாயிற்று.

கட்டியதுதான் தப்பு. மோந்து பார்க்காமல் கட்டினேன்.

கொல்லையில் தொட்டித் தண்ணீரில் நிற்கும் நீர்ப்புதினாவை அத்தா செம்புப் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவைத்து, ஆவியைத் தண்ணீராக இறக்குவார். அதில் ஆறு பாட்டில் அப்படியே சர்பத்துக்குப் போகும். மீதியில் சரிக்குச் சரி ஸ்பிரிட் சேர்த்து இன்னொரு ஆறு, பார்பர் ஷாப்புக்கு, சவரம் முடிந்து முகத்தில் தடவ. அந்த ஸ்பிரிட் குடித்தால் கண் போய்விடும். பார்க்க இரண்டும் பச்சைத் தண்ணீர் மாதிரி. வாசனைதான் வித்தியாசம். அத்தா மூக்குப்பொடி போட்டுப் போட்டு அவருக்கு ஒன்றும் தெரியாது. அம்மாவுக்கு இது ஐந்தாம் மாதம், புதினா என்றாலே வாந்தி. அதனால் மோந்து பார்த்து, வாய்க்கு வெள்ளை நூல், முகத்துக்குச் சிவப்பு நூல் கட்டுவது என் வேலை.

அத்தா எப்போதும் வாய்க்கானதைப் பலகையின் இடது பக்கம் வைப்பார். அதை நம்பிக் கட்டிவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை? மாமா போன வாரம் வந்து, "பதிமூணு வயசாச்சு, பொம்பளப்புள்ளைக்குப் படிச்சது போதும் மச்சான்" என்றார். அத்தா சொன்னது: "அவ மூக்குதான் நம்ம யாவாரம். அவ படிச்சுக்கிட்டே பாக்கட்டும்." மூக்கு போய்விட்டது என்று எந்த வாயால் சொல்வது.

ஜூலை 10, செவ்வாய்

சர்பத் போடும் மலையாளத்துக்காரர் பரீதிக்கா வந்தார். வெள்ளை நூல் ஆறும் எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை எறணாகுளம் தாண்டி இடப்பள்ளியில் கல்யாணம், பெருநாளுக்கு முன்னால் முடிக்கிறார்களாம். மாப்பிள்ளை வீட்டார் இறங்கியதும் முதலில் கொடுப்பது சர்பத்.

"மோளே, உன் மூக்கை இன்ஷூர் பண்ணி வெக்கணும் கேட்டோ."

அத்தா சிரித்தார். நானும்.

பூகோளப் பரீட்சை அடுத்த வாரம். இந்த நோட்டு பூகோளப் புத்தகத்துக்குள்தான் இருக்கிறது.

ஜூலை 12, வியாழன்

மழை கொஞ்சம் விட்டது. மூக்கு விடவில்லை. ரசத்துக்கு மணம் இல்லை.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே சும்மா சொன்னாள். "அந்த வாடை வயித்தப் பொரட்டுதுடி. ஞாயித்துக்கிழமை கூட்டுறப்ப பாட்டிலு பூராத்தையும் கீழ எறக்கிட்டேன். பொறகு கைக்கு வந்தபடி ஏத்தி வச்சேன்."

"இடம் மாறிப் போச்சாம்மா?"

"மாறுனா என்ன. நீ மோந்து பாத்துத்தானே கட்டுவே."

வெங்காயம் என்று நினைத்திருப்பாள், என் கண்ணைப் பார்த்து.

ஜூலை 13, வெள்ளி

அத்தா ஜும்ஆவுக்குப் போயிருந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து வயிற்றுவலி என்று சீக்கிரம் வந்துவிட்டேன். பொய்.

சிவப்பு நூல் ஆறும் பலகையில் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு திரியை நனைத்துத் தீக்குச்சி காட்டினேன். ஸ்பிரிட் இருந்தால் பிடிக்கும்.

1 பிடித்தது. நீலமாக.
2 பிடித்தது.
3 இல்லை. மூன்று குச்சி.
4 பிடித்தது.
5 பிடித்தது.
6 இல்லை.

அப்படியானால் பரீதிக்கா கொண்டுபோனதில் இரண்டு, முகத்துக்கானது.

விரல் சுட்டது. அம்மா கேட்டதற்கு இட்லிப்பானை என்றேன்.

எத்தனை பேர் வருவார்கள் கல்யாணத்துக்கு. பிள்ளைகள்தான் இரண்டு மூன்று தம்ளர் கேட்கும்.

ஜூலை 14, சனி

காலையில் சொல்ல இருந்தேன். மாமா வந்து உட்கார்ந்துவிட்டார். சாயா, பிறகு சோறு, பிறகு மறுபடி சாயா. "என்னடி, மூஞ்சி பேயடிச்ச மாதிரி?" என்றார். போகும்போது விளக்கு வைத்தாயிற்று. அத்தா தலைவலி என்று படுத்தார்.

நாளை விடியலில் அத்தா சுபுஹ் தொழுது வந்ததும் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டும். மாமா வரட்டும், பள்ளிக்கூடம் நின்று போகட்டும். எழுதினால் தைரியம் வருகிறதா என்று பார்க்கிறேன். வரவில்லை.

ஜூலை 15, ஞாயிறு

சொன்னேன்.

அத்தா ஈரக் கையோடு நின்றார். திட்டவில்லை. "பாவாடை மாத்து" என்றார். குடை எடுத்தார். படகு ஜெட்டியில் முதல் போட்டு போய்விட்டிருந்தது. அடுத்த போட்டுக்கு முக்கால் மணி. எறணாகுளத்தில் பஸ். பஸ்ஸில் அத்தா உட்காரவே இல்லை, இடம் இருந்தும்.

கல்யாண வீட்டுப் பந்தலுக்குப் பின்னால் பரீதிக்கா. பெரிய செம்பு அண்டா நிறைய சர்பத், மேலே கசகசா மிதந்தது. ஆறு பாட்டிலும் ஊற்றியாயிற்று. காலி பாட்டில்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. கலக்கிய பிறகு திரியும் குச்சியும் உதவாது.

அத்தா விஷயத்தைச் சொன்னார்.

"ராவுத்தரே, புதினா மணம் நல்லாட்டு உண்டு. ஒண்ணும் ஆவாது. நான் ஒரு மொடக்குக் குடிச்சுக் காட்டட்டா?"

தம்ளரை எடுத்தேவிட்டார். அத்தா கையில் தட்டினார். தம்ளர் உருண்டது. சமையல்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அத்தா என்னிடம் குனிந்தார். "மூக்கு இப்ப எப்படி? மோந்து சொல்ல முடியுமா?"

பரீதிக்கா என்னையே பார்த்தார். அரைச் சாக்கு சீனி போட்ட சர்பத். வெளியே யாரோ, மாப்பிள்ளை வண்டி பாலம் தாண்டியாச்சு என்றார்கள். நல்லதுதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாரும் அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். குனிந்து மோந்தேன். ஏதோ வருகிற மாதிரி இருந்தது. மாதிரிதான்.

"தெரியலத்தா."

அத்தா அண்டாவின் காதைப் பிடித்துச் சரித்தார். கனம். பரீதிக்கா மறுகாதைப் பிடித்தார். வாழைக்குழி வரை ஓடியது. பெண்ணைப் பெற்ற வாப்பா ஓடி வந்தார். பரீதிக்கா நூல் மாறிய கதையைச் சொன்னார்.

"எந்தா இது? ஆரு கெட்டிய நூலு?"

"நான்" என்றார் அத்தா. "எனக்கு மோப்பம் கிடையாது. கட்டியிருக்கக் கூடாது."

நான் வாய் திறந்தேன். அத்தா என் தோளில் கை வைத்து அழுத்தினார். வலித்தது.

எலுமிச்சம்பழம் பிழிய எல்லாரையும் உட்கார வைத்தார்கள். நானும் பிழிந்தேன், சுட்ட விரலில் சாறு பட்டது. மாப்பிள்ளை வீட்டார் பந்தலில் கால் மணி காத்திருந்தார்கள். "இதென்ன, ஆஸ்பத்திரியா, கல்யாண வீடா, எலுமிச்சம்பழத் தண்ணி கொடுக்க?" என்று ஒரு கிழவர். சிரித்தார்கள். அத்தா தலை நிமிரவில்லை. புதினாத் தண்ணீர் இனி யார் வாங்குவார்கள்.

சாப்பிடாமல் விடமாட்டேன் என்று பெண்ணின் வாப்பாவே எங்களை உட்கார வைத்தார்.

திரும்பும்போது போட்டில், கடைசி பெஞ்சு.

"மூக்கடைப்பு என்னைக்கிலேருந்து?"

"திங்கள்."

"இன்னைக்கு ஞாயிறு" என்றார். அவ்வளவுதான். நான் அழுதேன். அவர் குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்தார், மழை இல்லை, ஆள்கள் பார்க்காமல் இருக்க.

வீட்டில் அம்மா: "சொல்லாமக் கொள்ளாம எங்க போனீங்க? கல்யாண வீட்டுக்கா? சோறு எப்படி?"

"நல்லா இருந்துச்சு" என்றார் அத்தா. "ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல."