மேனேஜரின் பீங்கான் கோப்பை

அன்பு மகள் கீதாஞ்சலிக்கு,

அண்ணாமலையார் புண்ணியத்தில் நலமாக இருக்கிறேன். நீயும் பேத்தியும் சுகந்தானே?

செங்கம் ரோட்டில் நான் சமைக்கிற விடுதியில் மேனேஜருக்குப் பீங்கான் கோப்பை, எங்களுக்கு எவர்சில்வர் டம்ளர். நேற்று பாத்திரம் கழுவுகிற தனம் மறதியாய் அவன் கோப்பையில் காபி குடித்துவிட்டாள்.

"உனக்கு இது கேக்குதாடி?" என்று மேனேஜர் இரும்புக் கரண்டியால் அவள் மண்டையில் அடித்தான். ரத்தம் கொட்டியது. மறுபடி ஓங்கினான். சூடாயிருந்த தோசைத் திருப்பியை அவன் மணிக்கட்டில் அழுத்தினேன்.

"கெழவி, உன் வேலை போயிடும்" என்று அலறினான்.

"போவட்டும் சார். கரண்டிய கீழ போடுங்க."

போட்டான்.

வேலை போய்விட்டது, பயப்படாதே. தனத்துக்கு யாருமில்லை, தையல் பிரிக்கும்வரை ஆஸ்பத்திரியில் துணைக்கிருக்கிறேன். என் பழைய போர்வையை பஸ்ஸில் கொடுத்தனுப்பு. பேத்தி படமும் ஒன்று. கூட இரண்டு டம்ளர் வை, ஒரே மாதிரி பார்த்து எடு.

தனம் கூப்பிடுகிறாள்.

அம்மா பச்சையம்மாள்