பந்தியில் வந்து இருந்தவர் யார், அண்ணை?

அன்பு மாறாத என் அண்ணைக்கு,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். அன்பு மாறாத என்று மேலே எழுதியது பொய் இல்லை. ஆனால் அந்த ஒரு வரியை எழுதிவிட்டுப் பேனையை வைத்து எழும்பிப் போய், முற்றத்தை ஒருமுறை கூட்டிவிட்டு வந்த பிறகுதான் இந்த வரியை எழுத முடிந்தது.

முதலில் வீட்டுச் செய்திகள். அண்ணி சுகம். முழங்கால் நோவுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு, உங்கள் மேசையில் ஒருவரையும் கை வைக்க விடாமல் காவல் காக்கிறா. உரும்பிராய் வளவில் இந்த முறை வாழை நன்றாகக் குலை தள்ளியிருக்கிறது. அடுத்த மாதம் உங்களுக்கு ஆண்டுத் திவசம். கனடாவில் இருந்து உங்கள் மகன் வருகிறான். நினைவு மலர் ஒன்று போடவேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறான்.

உங்கள் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்க நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லவேண்டும். செத்தவரின் படம், வரலாறு, புலம்பல் பாட்டு எல்லாம் போட்டு அச்சடித்து, அன்றைக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கிற அந்தச் சின்னப் புத்தகத்துக்குச் சுற்றுவட்டாரம் முழுக்கப் பாட்டு எழுதியவர் நீங்கள். உங்களுக்கு எழுத ஒருவரும் அகப்படவில்லை. கடைசியில் திருநெல்வேலியில் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதித் தந்தார். நீங்கள் அதை வாசித்திருந்தால் இன்னொரு தடவை செத்திருப்பீர்கள்.

சரி, கதைக்கு வருகிறேன். கதை என்றால் எந்தக் கதை என்று உங்களுக்குத் தெரியும்.

கடலுக்குப் போன ஒருவர் திரும்பவில்லை. தேடிக் களைத்த வீட்டார் முப்பத்தோராம் நாள் செய்கிறார்கள். கல்வெட்டு வாசித்து, பந்தி வைத்தாயிற்று. கடைசி வாழையிலைக்கு முன்னால் செத்தவரே வந்து இருக்கிறார். வயிறு நிறையச் சாப்பிடுகிறார். கை கழுவிவிட்டுத் தன்னுடைய கல்வெட்டை வாங்கிப் பார்த்து, "பாட்டு நல்லாத்தான் இருக்கு, ஆனா நான் இவ்வளவு நல்லவன் இல்லை" என்கிறார். பிறகு மனுசியைப் பார்த்து, "தேத்தண்ணி ஒண்டு போடு" என்கிறார். இன்றைக்கும் அவர் அந்த ஊரில் இருக்கிறார். முற்றும்.

எத்தனை மேடையில் சொன்னீர்கள்! சனம் சிரித்து முடியவிட்டு, அந்தப் பாட்டை எழுதியவன் நான்தான் என்பீர்கள். அதற்கு இன்னொரு கைதட்டல். நானும் முன்வரிசையில் இருந்து கைதட்டியவள்தான்.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலை, என் மனுசன், உங்கள் மச்சான், சைக்கிளில் யாழ்ப்பாணத்துக்குப் போனார். திரும்பவில்லை. மகளுக்கு அப்போது நாலு வயது. அந்தச் சண்டைக் கால நாட்களில் வீட்டை விட்டு வெளிக்கிட்டவர்களில் எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

நீங்கள் ஞாயிறு தவறாமல் வந்தீர்கள். சைக்கிள் கரியரில் கத்தரிக்காயும் கீரையும் கட்டிக்கொண்டு வந்து, குசினி வாசலில் வைத்துவிட்டு, என்ன கதைப்பது என்று தெரியாமல் நிற்பீர்கள். அதை நான் மறக்கவில்லை. மறந்துவிட்டால் இந்தக் கடிதம் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

நாலாவது மாதம் என்று நினைக்கிறேன். அடுப்படியில் வைத்துத்தான் கேட்டேன்.

"அண்ணை, உந்தப் பந்திக் கதை மெய்யோ?"

நீங்கள் கையில் இருந்த கீரைக் கட்டைக் கீழே வைத்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: "ஓம். என்ரை ரண்டு கண்ணாலையும் கண்டனான்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அன்றைக்குத்தான் நான் பல நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன். நீங்களும் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

அந்தச் சத்தியத்தை வைத்து நான் என்னென்ன செய்தேன் என்று கணக்குப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. மரணச் சான்றிதழ் எடுங்கோ அம்மா என்று சொன்ன அதிகாரியை வாசலோடு திருப்பி அனுப்பினேன். மகளின் கல்யாண அட்டையில் தகப்பன் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடக்கூடாது என்று சண்டை பிடித்தேன். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்த அட்டையின் வாசகத்தை எழுதித் தந்தது யார்? நீங்கள். தகப்பன் பெயரில் வந்தபோது பேனை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். பிறகு குனிந்து, அடுத்த வரியை எழுதினீர்கள். அப்போதாவது வாய் திறந்திருக்கலாமே?

இதெல்லாம் போகட்டும். பெரிய பிழை வேறு. பக்கத்து ஒழுங்கையில் மகனைத் தேடுகிற ஒரு அம்மா இருக்கிறா. மற்றத் தாய்மாரோடு சேர்ந்து, பிள்ளைகளின் படங்களைப் பிடித்துக்கொண்டு, எங்கே எங்கள் ஆட்கள் என்று அரசாங்கத்தைக் கேட்டு வீதியோரக் கொட்டகையில் இருக்கிறவர்களில் ஒருத்தி. எத்தனையோ முறை என்னைக் கூப்பிட்டிருக்கிறா. "வா பிள்ளை, நீயும் அவரின்ரை படத்தைக் கொண்டு வா. கேட்டாத்தானே சொல்லுவாங்கள்."

நான் போகவில்லை. படத்தைப் பிடித்துக்கொண்டு வீதியில் இருந்தால் அவருக்கு ஏதோ நடந்துவிட்டது என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று பயந்தேன். வருகிற மனுசனை ஏன் தேடவேண்டும்? நான் வீட்டில் இருந்தேன். கேட்கவேண்டியவர்களிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் இத்தனை வருடமும் சும்மா இருந்தேன். அவர்களுக்கு அது எவ்வளவு வசதி!

நீங்கள் போன பிறகு, மலருக்காக உங்கள் பெட்டிகளைத் துப்புரவாக்கியபோது அந்தக் கதை நாலு இடத்தில் அச்சாகியிருக்கக் கண்டேன். நாலையும் நிலத்தில் பரப்பி வைத்து வாசித்தேன். முதலாவதில் வடமராட்சியில் உள்ள அந்தக் கடற்கரை ஊரின் பெயர் இருந்தது. மற்ற மூன்றிலும் 'ஒரு கரையோரக் கிராமம்'. மற்றது எதையும் மாற்றாத நீங்கள், அதை மட்டும் ஏன் எடுத்தீர்கள்? கோபத்தில் தேடிப் போகவில்லை, அண்ணை. அந்த மனுசன் உயிரோடு இருந்தால் அவர் காலடியில் இருந்து, எப்படி வந்தீர்கள் என்று கேட்கவேண்டும் என்றுதான் போனேன்.

யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி, இறங்கின இடத்துக் கடையில் விசாரித்தேன். கடைக்காரர் சிரித்தார். "ஓ, செத்து வந்தவர் வீடோ? நேரை போய்க் கடைசி ஒழுங்கை."

மெய்தான், அண்ணை பொய் சொல்லவில்லை என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லிக்கொண்டு நடந்தேன். படலையைத் திறந்தது எழுபது வயது தாண்டிய ஒரு அம்மா. நெற்றியில் திருநீறு மட்டும். பின்னால் சுவரில் மாலை போட்ட படம். படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அவரைப் பாக்கவோ வந்தனீங்கள்?" என்று கேட்டா. குரலில் கோபம்கூட இல்லை. "முந்தி பஸ் பிடிச்சும் சனம் வந்தது. நான் இந்தப் படத்தைத்தான் காட்டுறனான்."

நான் யாருடைய தங்கச்சி என்று சொன்னேன். அந்த அம்மா என்னை உள்ளே கூப்பிட்டா. பிறகு கதிரையை இழுத்துப் போட்டா.

"உங்கடை அண்ணர் கல்வெட்டு வாசிக்க வந்தவர். பந்தியிலும் இருந்தவர். அண்டைக்கு எங்கடை மனுசன்ரை சித்தப்பாவின்ரை மகன் மன்னாரிலை இருந்து நேரம் பிந்தி வந்தவன். அச்சு அசல் இவரின்ரை முகம். வந்து கடைசி இலையிலை இருந்தான். கண் மங்கின பெரியப்பா ஒருத்தர் கல்வெட்டிலை உள்ள படத்தைப் பாத்திட்டு, அவனையும் பாத்திட்டு, 'ஐயோ, செத்தவன் வந்திட்டான்' எண்டு கத்திப்போட்டார். பந்தி முழுக்க எழும்பிப் போச்சுது. நான் குசினியிலை நிண்டனான். சோத்துக் கையோடை ஓடி வந்தன்."

அந்த அம்மா எழும்பிப் போய் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு வந்தா. மிச்சத்தைத் தானாகத்தான் சொன்னா.

"ரண்டு நிமிசம் இருக்கும் பிள்ளை. ரண்டு நிமிசம் அவர் வந்திட்டார். பிறகு அந்தப் பெடியன் தலையை நிமித்தினான். அவர் இல்லை. ஆரோ ஒருத்தன் சிரிச்சான். பிறகு எல்லாரும் சிரிச்சினம். அந்தப் பெடியன் சாப்பிடாமலே எழும்பிப் போனவன். பிறகு இந்தப் படலைக்கு வரேல்லை."

அண்ணை, நீங்கள் அந்த இரண்டு நிமிடத்தை எழுதினீர்கள். மூன்றாவது நிமிடத்தை விட்டுவிட்டீர்கள். சோற்றுக் கையோடு ஒருத்தி நின்றதை உங்கள் இரண்டு கண்ணும் காணவில்லையா?

கதை வந்த பிறகு ஊர் அந்த அம்மாவைச் சும்மா விடவில்லை. வந்தவர் பிறகு எங்கே போனார் என்று ஒருவன் கேட்டானாம். மனுசியோடு இருக்க ஏலாமல் ஓடினவர்தானே என்று இன்னொருத்தி சொன்னாவாம். கடலில் செத்த மனுசனை வீட்டை விட்டு ஓடிய மனுசனாக ஆக்கினீர்கள். அந்த அம்மா உங்களுக்குக் கடிதம் போட்டிருக்கிறா. நீங்களும் பதில் போட்டிருக்கிறீர்கள். சாமிப்படத்துக்குப் பின்னால் இருந்து எடுத்துத் தந்தா. உங்கள் எழுத்து, அந்தச் சாய்ந்த எழுத்து, எனக்குத் தெரியாதா?

'அம்மா, மன்னிக்கவேண்டும். ஊரின் பெயரை எடுத்துவிடுகிறேன். கதையை எடுக்க மனம் வரவில்லை.'

மேலே திகதி இருந்தது. என் மனுசன் காணாமல் போவதற்கு மூன்று வருடம் முந்திய திகதி. அப்படியென்றால் என் அடுப்படியில் நின்று சத்தியம் பண்ணியபோது உங்களுக்கு எல்லாம் தெரியும். மறந்துபோய்ச் சொல்லவில்லை. தெரிந்துகொண்டே சொன்னீர்கள்.

ஏன், அண்ணை? தங்கச்சி பாவம், ஒரு வாய் சாப்பிடட்டும் என்றா? அல்லது ஊர் முழுக்கச் சொன்ன கதையை என் முன்னால் மட்டும் பொய் என்று சொல்ல நாக்கு எழவில்லையா? இரண்டும் கலந்துதானா? முதலாவது என்றால் அடுத்த ஞாயிறாவது சொல்லியிருக்கலாம். அதற்கு அடுத்த ஞாயிறு சொல்லியிருக்கலாம். எத்தனை ஞாயிறு வந்தீர்கள்!

கனடாவில் இருக்கிற உங்கள் மகனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். மலரில் அந்தக் கதையைத்தான் முதலாவதாகப் போட வைத்திருந்தான்.

"மாமி, சனத்துக்குப் பிடிச்ச கதை. பொய்யெண்டாலும் கதைதானே?" என்றான்.

"கதையெண்டு சொல்லியிருந்தா எனக்குக் கோபமே இல்லைத் தம்பி. கொப்பர், என்ரை அண்ணை, என்னட்டைச் சத்தியம் பண்ணினவர்."

"அப்ப அந்தப் பக்கத்தை நீங்களே எழுதுங்கோ மாமி" என்றான். உங்களைவிட உங்கள் பிள்ளைக்குத் துணிவு இருக்கிறது.

ஆகவே உங்கள் கதை இருக்கவேண்டிய இடத்தில் இந்தக் கடிதம் வருகிறது. அந்த அம்மாவிடம் கேட்டுத்தான் எழுதினேன். "என்ரை பேர் வேண்டாம். அவர் வரேல்லை எண்டு மட்டும் போடுங்கோ" என்றா. போட்டுவிட்டேன். இதை வாசிக்கிற எல்லாருக்கும் சொல்கிறேன்: அந்த மனுசன் வரவில்லை. கடலில் போனவர் போனவர்தான். அவருடைய மனுசியில் ஒரு பிழையும் இல்லை.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். உங்கள் திவசத்துக்கு நானே நின்று சமைப்பேன், உங்களுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பும் வைப்பேன். கோபத்துக்காக உங்களைப் பட்டினி போடமாட்டேன். அது முடிந்த அடுத்த நாள், உங்கள் மச்சானின் படத்தை எடுத்துக்கொண்டு அந்தத் தாய்மாரின் கொட்டகைக்குப் போவேன். எப்போது வருவார் என்று இனிக் கேட்கமாட்டேன். கேட்கவேண்டியவர்களிடம், அவரை என்ன செய்தீர்கள் என்று கேட்பேன். பதில் வரும்வரை கேட்பேன்.

நீங்கள் போயிருக்கிற இடத்தில் அவரைக் கண்டால், தயவுசெய்து கதை சொல்லாதீர்கள், அண்ணை. நேராகச் சொல்லுங்கள்: 'உன்ரை மனுசி இவ்வளவு காலமும் உன்னைத் தேடேல்லை. நான்தான் அவளைத் தேடவிடாமல் இருத்தி வைச்சனான். இப்பதான் வெளிக்கிட்டிருக்கிறாள்.' மன்னிப்பை முதலில் அவரிடம் கேளுங்கள். என்னிடம் பிறகு கேட்கலாம்.

உங்கள் சத்தியத்தை நம்பியிருந்த
ஒரே தங்கச்சி,
பரமேஸ்